பல் கிளினிக் வைத்திருப்பவர்கள் ஒன்லைனில் விடுகிற பிழைகள்

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பல் டொக்டர் எனக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். கூகுளில் அவருடைய கிளினிக்குக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, "ரெண்டு மணித்தியாலம் இருக்க வச்சிட்டாங்க" என்று எழுதியிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. டொக்டர் சுடச்சுடப் பதில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்: "நீங்கள் ரூட் கனால் தொடங்கிப் பாதியில் விட்டுப் போனவர், மிச்சக் காசும் தரவில்லை."

மட்டக்களப்புப் பக்கத்தில் கல்லடி, ஆரையம்பதி மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்களில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. இன்னார் என்னிடம் வந்தவர் என்று நாலு பேர் பார்க்க எழுதுவதே அவருடைய இரகசியத்தை வெளியே விடுவதுதான், இவரோ என்ன சிகிச்சை, எவ்வளவு பாக்கி என்பது வரைக்கும் போய்விட்டார். தொழில் ஒழுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாகத்தான் பார்க்கிறது. அந்தப் பதிலை வாசிக்கப்போவதும் பெரும்பாலும் குறை எழுதியவர் இல்லை, கன்னத்தைப் பொத்திக்கொண்டு யாரிடம் போவது என்று தேடுகிற மற்றவர்கள்தான். "காத்திருக்க வேண்டி வந்ததற்கு வருந்துகிறோம், கிளினிக் நம்பருக்கு ஒருக்கால் எடுங்கள், கதைப்போம்" என்று இரண்டு வரி போதும். அதையும் விடிந்த பிறகு எழுதுங்கள்.

கோபம் அடங்கினால் அடுத்த யோசனை வரும்: சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடுவோம். ஒரே இரவில் கட்டார், கனடா என்று பன்னிரண்டு பேர் "நல்ல டொக்டர்" என்று எழுதினால், மட்டக்களப்பில் பல் கழற்ற டோஹாவிலிருந்தா வந்தார்கள் என்று வாசிக்கிறவருக்கே சிரிப்பு வரும். கூகுளும் அப்படியானவற்றை அழிக்கும். ரிவியூ போட்டால் ஸ்கேலிங்கில் (பல் சுத்தம் செய்வதில்) விலைக்கழிவு என்று சொல்வதும், சந்தோஷமாகப் போகிறவரை மட்டும் பிடித்துக் கேட்பதும் கூகுளுடைய விதிக்கு மாறானவை. எல்லோரிடமும் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரிவியூ எழுதும் பக்கத்துக்குக் கொண்டுபோகிற ஒரு கியூஆர் அட்டையைக் கவுன்டரில் வைத்துவிடுங்கள்.

கூகுள் மேப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்லடியில் உள்ள ஒரு கிளினிக்கின் சிவப்புக் குறி வாவிக்கு அந்தப் பக்கம், டவுனுக்குள் கிடந்தது. பல்வலியோடு வந்த ஒருவர் பாலத்தை இரண்டு தரம் கடந்திருக்கிறார், வந்து சேர்ந்தபோது இருந்த முகத்தை ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை இன்னும் சொல்லிச் சிரிக்கும். ஒரு கடையை மேலே காட்டுவதா என்று கூகுள் பார்ப்பது மூன்று விஷயங்களை: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. குறி பிழையென்றால் தூரக் கணக்கும் பிழையாகும். பெயரோடு "மட்டக்களப்பின் நம்பர் வன்" என்று ஒட்டாதீர்கள், போர்டில் உள்ள பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும். நேரமும் அப்படித்தான். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கிளினிக் என்றால் வெள்ளி மத்தியானத்தையும் நோன்பு மாதத்தையும் தனியாகப் போட வேண்டும், நோன்பு மாதம் மாதிரி நாட்களுக்கென்றே அங்கே விசேட நேரம் போடும் வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

முன்பு, பின்பு போட்டோக்கள் இன்னொரு வில்லங்கம். கண்ணை மறைத்துவிட்டோமே என்பார்கள். வெற்றிலைக் கறை படிந்த பல்லையும் உதட்டோர மச்சத்தையும் பார்த்து "இது நம்மட மாமியெல்லோ" என்று கண்டுபிடிக்கிற ஊர் இது. போட்டோ பேஸ்புக்கில் வரும் என்று தெளிவாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், சிறுபிள்ளை என்றால் தாய் தகப்பனிடம். இணையத்தில் இறக்கிய வெள்ளைக்காரப் பல்லைப் போடுவதற்கு ஒன்றும் போடாமலே இருக்கலாம். அப்புறம், பல் வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர்கள், சுயவிளம்பரம் பற்றி அந்தச் சபையின் ஒழுக்கக் கோவை என்ன சொல்கிறது என்று வாசிக்காமல் போஸ்ட்டை பூஸ்ட் பண்ண, அதாவது நிறையப் பேருக்குக் காட்டச் சொல்லி, காசு கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. "பல் அடைக்க எவ்வளவு?" என்று கேட்டால் "இன்பொக்ஸ் வாங்க" என்கிறார்கள், இன்பொக்ஸில் போய்ப் பார்த்தால் மூன்று நாளாக யாரும் திறக்கவில்லை. வலியில் இருப்பவர் அதற்குள் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறியிருப்பார்.