பசை போட்ட மரத்தைப் பிரிக்கும்போது இந்தத் தப்புகளைப் பண்ணிடாதீங்க

பழைய தேக்கு நாற்காலி, கட்டில், ஜன்னல் இதையெல்லாம் விறகு விலைக்குத் தூக்கிக் குடுக்குறதைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. முப்பது நாப்பது வருஷம் நல்லா காஞ்சு நின்ன மரம் அது, பக்குவமா பிரிச்சா முக்காவாசி மரத்தைத் திரும்ப எடுத்துடலாம். ஆனா பிரிக்குற அவசரத்துலதான் பாதி மரம் வீணாப்போகுது.

முதல் தப்பு, எடுத்த உடனே அடிக்கிறது. எங்க தாத்தா வீட்டு நாற்காலியில நானும் இதைத்தான் பண்ணேன். கொட்டாப்புளியால (மரச்சுத்தியல்) நாலு போடு போட்டேன், அஞ்சாவது அடியில கழுந்து (துளைக்குள்ள செருகியிருக்குற மரமுனை) வெளிய வரல, கால் மரம்தான் துளையிலேர்ந்து கீழ வரைக்கும் நீளமா பிளந்துடுச்சு. அப்புறம் பாலிஷைச் சுரண்டிப் பாத்தா, உள்ள மூங்கில் ஆணி! பழைய ஆசாரிமாருங்க பசையை மட்டும் நம்ப மாட்டாங்க, கழுந்துக்குக் குறுக்க ஒரு மூங்கில் ஆணியும் இறக்கிருப்பாங்க. அதனால மூட்டு இருக்குற இடத்தை ரெண்டு பக்கமும் சுரண்டி, வட்டமா நிறம் மாறி ஏதாவது தெரியுதான்னு பாருங்க. ஆணி ஒரு பக்கம் கூர்ந்திருக்கும், மெலிஞ்ச பக்கத்துலேர்ந்து தட்டுனா வந்துடும், வரலைன்னா அதைவிட சின்ன பிட் போட்டு நடுவுல துளைச்சு எடுத்துடுங்க.

ரெண்டாவது, என்ன பசைன்னே தெரியாம இறங்குறது. மூட்டு ஓரத்துல பிதுங்கிக் காஞ்சு கிடக்குற பசை மேல ஒரு சொட்டு வெந்நீர் விட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. விரல்ல பிசுபிசுன்னு ஒட்டி, தோல் வாடை அடிச்சா அது பழைய வஜ்ஜிரம் (மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்குற பசை), சூடும் ஈரமும் பட்டா இளகிடும். வெள்ளையா பால் மாதிரி மாறி மெத்துனு ஆனா ஃபெவிகால் வகை, அதுக்குத் தண்ணியை விட சூடுதான் முக்கியம், சுடுற வினிகரை சிரிஞ்சுல மூட்டுக்குள்ள விட்டாலும் கேக்கும் (இரும்பு ஆணி பக்கத்துல மட்டும் வேணாம், தேக்கு கருத்துப்போயிடும்). ஒண்ணுமே ஆகலைன்னா அரால்டைட் மாதிரி எபாக்சியா இருக்கலாம், அது நல்ல சூடு பட்டாதான் கொஞ்சம் இளகும்.

சூடு காட்டுறதுலயும் பொறுமை வேணும். ஹீட் கன்னை (சூடான காத்து ஊதுற மெஷின்) ஃபுல்லா வச்சு ஒரே இடத்துல பிடிச்சா வெளிய கருகிடும், உள்ள பசை அப்படியே இருக்கும், ஏன்னா மரம் சூட்டை மெதுவாதான் உள்ள விடும். குறைச்சு வச்சு, சுத்தி சுத்தி காட்டி, பத்துப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் ரெண்டு ஆப்பை எதிரெதிர் பக்கத்துல வச்சு மாத்தி மாத்தி லேசா இறுக்கிட்டே வாங்க, ஒரு கட்டத்துல கிர்ருனு சின்னதா ஒரு சத்தம் கேக்கும், மூட்டு ஓரத்துல மயிரிழை அளவுக்கு இடைவெளி தெரியும். அங்க நிறுத்தி திரும்ப சூடு குடுங்க, அந்த நேரத்துல அவசரப்பட்டு இழுத்தாதான் சிராய் பேந்து வரும்.

பெயின்ட் அடிச்ச மரம்னா ஹீட் கன்னே வேணாம். வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். பழைய கதவுல எவ்வளவு இருக்கும்னு யாருக்கும் தெரியாது, புகையும் தூசியும் குழந்தைங்க இருக்குற வீட்டுக்குள்ள வேணவே வேணாம்.

இன்னொண்ணு, டேபிள் மேல்பலகை மாதிரி பக்கவாட்டுல பலகையோட பலகை ஒட்டினதைப் பிரிக்கவே முயற்சி பண்ணாதீங்க. நார் ஓட்டத்துல ஒட்டின நல்ல பசை மரத்தை விட பலமா பிடிச்சிருக்கும், நெம்புனா மரம்தான் பிய்யும். ஒட்டின கோட்டு மேலயே ரம்பம் ஓட்டி அறுத்துடுங்க, ரம்பத்தோட கனம் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் போகும்.

பிரிச்சதும் வெயில்ல போடாதீங்க, ஈரம் பட்ட மரம் வெயில்ல முறுக்கிடும். நிழல்ல, நடுவுல குச்சி குடுத்து அடுக்கி ரெண்டு வாரம் விடுங்க. திரும்ப ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய ஃபெவிகாலை உளியால சுத்தமா சுரண்டணும், காஞ்ச பசை மேல புதுப் பசை பிடிக்காது. மரத்தை இழைக்குற பிளானர் மெஷினுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பழைய ஸ்பீக்கர்ல இருக்குற காந்தத்தை எடுத்து மரம் முழுக்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, தலை உடைஞ்சு உள்ள நிக்குற ஆணி இருந்தா அந்த இடத்துல காந்தம் லேசா இழுக்கும்.