இத்தாலியில் ஒரு குடும்ப உணவகம்: மீனும் பாஸ்தாவும் பயமில்லாமல் சாப்பிட

இத்தாலியின் கடலோர ஊர்களில் ‘டிராட்டோரியா’ என்று பலகை மாட்டிய சின்ன உணவகங்கள் நிறைய உண்டு. அடுப்படியில் அம்மா, பரிமாறுவதற்கு மகன், கல்லாவில் அப்பா என்று ஒரு குடும்பமே சேர்ந்து நடத்துவது. எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இவைதான். முதல்முறை போகிறவர்கள் மெனுவைப் பார்த்ததும் திகைத்துவிடுகிறார்கள். அதனால் வாசலிலிருந்தே ஆரம்பிப்போம்.

1. நேரம் பார்த்துப் போங்கள்

மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30க்கு மேல். நடுவில் பெரும்பாலும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். திங்கள்கிழமை விடுமுறை விடும் மீன் உணவகங்கள் பல. ஞாயிறு மதியமோ கூட்டம் அள்ளும், முன்பே போன் செய்து மேசை சொல்லிவையுங்கள்.

2. உட்கார்ந்ததும்

காலி மேசையைப் பார்த்ததும் நேராகப் போய் உட்கார வேண்டாம். பகலில் ‘புவோன் ஜோர்னோ’, மாலையில் ‘புவோனா சேரா’ என்று வணக்கம் சொல்லி, எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் இடம் காட்டுவார்கள். தண்ணீர் பாட்டிலில்தான் வரும், காசு உண்டு. சாதாரணத் தண்ணீர் ‘நத்துராலே’, கேஸ் கலந்தது ‘ஃப்ரிஸ்ஸாந்தே’. பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கலாம். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது. மெனுவிலேயே போட்டிருப்பார்கள்.

3. எவ்வளவு ஆர்டர் செய்வது?

மெனுவில் வரிசையாக அந்திபாஸ்தி, ப்ரிமி, செகோந்தி, கொந்தோர்னி, தோல்ச்சி என்று இருக்கும். தொடக்கம், பாஸ்தா, மீன், தொட்டுக்கொள்ளக் காய்கறி, இனிப்பு. எல்லாவற்றிலும் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு பேர் என்றால் ஒரு தொடக்கத்தைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாஸ்தா வாங்குங்கள். அப்புறமும் பசித்தால் இருவருக்கும் பொதுவாக ஒரு மீன். இறால், மட்டி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்த உணவில் இருக்கின்றன என்று தெரிவிக்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவர்கள் கடமை.

4. மீன் வாங்கும் முன் இரண்டு விஷயம்

முதலாவது, விலை. முழு மீனுக்கு எதிரே ‘எத்தோ’ என்று எழுதியிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. பலகையில் 6 யூரோ என்று பார்த்துவிட்டு அரைக் கிலோ மீனைச் சொன்னால் பில் 30 யூரோ. சமைக்கும் முன்பே தட்டில் வைத்துக் காட்டி எடை சொல்லக் கேளுங்கள். நல்ல கடையில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த சரக்கு என்று அர்த்தம். கெட்டது என்று இல்லை, ஆனால் தெரிந்து வாங்கலாமே. ‘பெஸ்காத்தோ தெல் ஜோர்னோ’ என்று கேட்டால் அன்று வந்த மீன் எது என்று சொல்வார்கள். என் அனுபவத்தில், மெனுவைவிட அந்தப் பதிலை நம்பி வாங்கியதுதான் ருசியாக இருந்திருக்கிறது. சிசிலிப் பக்கம் போனால் மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர்திராட்சை போட்ட பாஸ்தாவை விட்டுவிடாதீர்கள்.

5. மட்டி போட்ட ஸ்பகெட்டி

முதல்முறைக்கு நான் சொல்வது ‘ஸ்பகெட்டி அல்லே வோங்கொலே’. ஆலிவ் எண்ணெயில் பூண்டு, அதில் ஓட்டோடு மட்டி, கொஞ்சம் வெள்ளை ஒயின், மூடி. சூட்டில் ஓடுகள் வாய் திறந்து உள்ளிருக்கும் உப்பு நீரைக் கக்கும். முக்கால் வேக்காட்டு ஸ்பகெட்டியை அதிலேயே போட்டு, வேகவைத்த நீர் கொஞ்சம் ஊற்றிப் புரட்டும்போது எண்ணெயும் நீரும் கலந்து பால்போல் ஒரு குழம்பு திரளும். அந்த மெல்லிய கடல் ருசியை அமுக்கிவிடும் என்பதால்தான் இதற்குச் சீஸ் தருவதில்லை. கேட்காதீர்கள்.

தட்டு வந்ததும் முதலில் ஐந்தாறு மட்டியைச் சாப்பிட்டு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். கையால் எடுக்கலாம். காலி ஓட்டையே இடுக்கிபோல் பிடித்து அடுத்ததன் சதையைக் கவ்வி இழுத்தால் அழகாகக் கழன்று வரும். வாய் திறக்காத ஓட்டை ஒதுக்கிவிடுங்கள். பிறகு முள்கரண்டியில் மூன்று நான்கு இழை மட்டும் பிடித்து, தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்றுங்கள். நிறைய அள்ளினால் உருண்டை பெரிதாகி வாய்க்குள் போகாது. கத்தியால் நறுக்க வேண்டாம். பாஸ்தா நடுவில் லேசாகக் கடிபடும். வேகவில்லை என்று நினைக்காதீர்கள், பதமே அதுதான்.

அடியில் தங்கிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுங்கள். இதற்கு ‘ஸ்கார்பெத்தா’ என்று ஒரு பெயரே உண்டு, குட்டிச் செருப்பு என்று அர்த்தம். பெரிய விருந்தில் வேண்டாம், இங்கே தாராளமாகச் செய்யலாம்.

6. காபி, பில்

சாப்பாட்டுக்குப் பிறகு எஸ்பிரஸ்ஸோதான். கப்புச்சினோ காலை நேரத்துக்கு உரியது. நீங்கள் கேட்கும்வரை பில் வராது, எழுந்து போகச் சொல்லி யாரும் அவசரப்படுத்துவதில்லை. ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’ என்று சொல்லுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் நிறைந்திருந்தால் சில்லறையை மேசையில் விட்டு வரலாம். கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு ‘கிராத்ஸியே’ சொல்லுங்கள். சமைத்தவர் அங்கேதான் நிற்பார்.