பவர் பிஐ-யில் டேபிள்கள் இணையவில்லையா? காசிமேடு கணக்கை வைத்துச் சரிசெய்வோம்

பவர் பிஐ என்பது தரவை அறிக்கையாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். உதாரணத்துக்கு, சென்னை காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஒருவரின் கணக்கு. எக்செலில் இரண்டு டேபிள். ‘படகு’ டேபிளில் ஒரு விசைப்படகுக்கு ஒரு வரிதான்: படகு எண் (அதன் பதிவு எண்), உரிமையாளர். ‘ஏலம்’ டேபிளில் நாளுக்கு நாள் வரி கூடும்: ஏலத் தேதி, படகு எண், மீன், எடை, தொகை, பணம் வந்த தேதி. இரண்டையும் படகு எண் வழியாக இணைக்க வேண்டும்.

படி 1: என்ன கோளாறு என்று முதலில் பாருங்கள்

அறிக்கையில் எல்லாப் படகுக்கும் ஒரே மொத்தத் தொகை வந்தால், டேபிள்களுக்கு நடுவே இணைப்பே இல்லை, அல்லது இருந்தும் செயலில் இல்லை. டேபிள்களையும் இணைப்புகளையும் காட்டும் மாடல் வியூவைத் திறந்தால் தெரிந்துவிடும்: முழுக்கோடு என்றால் செயலில் இருக்கிறது, புள்ளிக்கோடு என்றால் இல்லை. பட்டியலில் ‘பிளாங்க்’ என்று ஒரு வரி தொகையோடு வந்தால் படி 3-க்குப் போங்கள். இணைக்கும்போதே பிழைச் செய்தி வந்தால் அடுத்த படி.

படி 2: ‘ஒன்று’ பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்

ஒரு படகுக்கு ஒரு வரி என்பதால் படகு டேபிள்தான் இணைப்பின் ‘ஒன்று’ பக்கம். அதில் ஒரு எண் ஒரு முறைதான் வரலாம். காலி வரியும் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் பலர், தரவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் குவெரியில் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ கொடுத்த பிறகும் அதே பிழை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். காரணம் இது: பதிவு எண்ணில் வரும் ‘எம்எம்’ என்ற ஆங்கில எழுத்துகளை ஒருவர் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சின்ன எழுத்திலும் அடித்திருப்பார். பவர் குவெரிக்கு அவை இரண்டு வேறு எண்கள். ஆனால் மாடலுக்குள் போனதும் இரண்டும் ஒன்றாகிவிடும். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியும் இதே கதைதான்.

அதனால் வரிசை முக்கியம். இரண்டு டேபிளிலும் படகு எண் நெடுவரிசைக்கு ‘ட்ரிம்’, ‘அப்பர்கேஸ்’ கொடுங்கள். நடுவில் சிலர் கோடும் சிலர் இடைவெளியும் போட்டிருந்தால் ‘ரீப்ளேஸ் வேல்யூஸ்’ வைத்து ஒரே மாதிரி ஆக்குங்கள். அப்புறம்தான் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’, அதுவும் படகு டேபிளில் மட்டும். ஏலம் டேபிளில் கொடுத்தால் விற்பனை வரிகளே பறந்துவிடும்! ஒரே எண்ணுக்கு இரண்டு உரிமையாளர் பெயர் இருந்தால், எது சரி என்று கேட்டுவிட்டு நீக்குங்கள்.

பிழையிலிருந்து தப்பிக்க, இரண்டு பக்கமும் ஒரே எண் பல முறை வர அனுமதிக்கும் ‘மெனி டு மெனி’ இணைப்பாக மாற்றும் குறுக்குவழி வேண்டாம். செய்தி மறையும், குப்பை உள்ளேயே இருக்கும்.

படி 3: ‘பிளாங்க்’ யாருடையது?

ஏலத்தில் வந்த படகு, படகு டேபிளில் இல்லை என்று அர்த்தம். கண்ணால் தேடாதீர்கள். பவர் குவெரியில் ‘மெர்ஜ் குவெரிஸ் ஆஸ் நியூ’ எடுத்து, ஏலத்தை மேலேயும் படகைக் கீழேயும் வைத்து, இரண்டிலும் படகு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘லெஃப்ட் ஆன்ட்டி’ கொடுங்கள். ஜோடி இல்லாத வரிகள் மட்டும் வந்து நிற்கும். புதுப் படகு என்றால் படகு டேபிளில் சேருங்கள். தட்டச்சுப் பிழை என்றால் திருத்துங்கள்.

படி 4: தேதி

ஏலத் தேதியில் நேரமும் ஒளிந்திருக்கலாம். திரையில் தேதி மட்டும் தெரிந்தாலும், உள்ளே அதிகாலை 4 மணி இருந்தால் தேதி டேபிளோடு (ஒரு நாளுக்கு ஒரு வரி என்று தேதிகளை அடுக்கிய தனி டேபிள்) பொருந்தாது. பவர் குவெரியிலேயே டேட்டா டைப்பை ‘டேட்’ ஆக்குங்கள்.

தேதி டேபிளை ஏலத் தேதிகளிலிருந்து உருவாக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலத்தில் அவற்றின் வரியும் இருக்காது. தேதி டேபிளில் அப்படி ஓட்டை விழுந்தால் ‘மார்க் ஆஸ் டேட் டேபிள்’ ஏற்காது. ‘காலெண்டர்’ ஃபங்ஷனில் முழு ஆண்டையும் கொடுத்துவிடுங்கள்.

ஏலத் தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் அதே தேதி டேபிளோடு இணைத்தால் இரண்டாவது புள்ளிக்கோடாகத்தான் வரும். அது கோளாறு இல்லை. இரண்டு டேபிளுக்கு நடுவே ஒரு இணைப்புதான் செயலில் இருக்க முடியும். வசூலைப் பார்க்கத் தனி மெஷர் (கணக்கிடும் சூத்திரம்) எழுதி, ‘கால்குலேட்’டுக்குள் ‘யூஸ்ரிலேஷன்ஷிப்’ போட்டு ஏலம் டேபிளின் ‘பணம் வந்த தேதி’, தேதி டேபிளின் தேதி ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் சொல்லுங்கள். புள்ளிக்கோடு மாடலில் இருந்தால்தான் இது வேலை செய்யும். தேவையில்லை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள்.