கென்யப் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பெண் காரிமங்கலம், பையன் ஊத்தங்கரை. இருவரும் பி.எட். முடித்தவர்கள். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு கிராமப் பள்ளியில் மூன்று மாதம் தன்னார்வலராக இருக்கப் போகிறார்களாம். ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்தப் பெண் சொன்னாள்: “டீச்சர், கிளாஸ் முழுக்க நாங்களே எடுத்துக்கறோம்னு சொல்லிட்டோங்க. அவங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும் இல்லீங்களா?”

2018இல் நான் சொன்ன அதே வார்த்தை. ஓர் எழுத்து மாறவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரி, கணக்கு டீச்சர். ஒரு தனியார் பள்ளியை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளியில் 2018இல் பத்து வாரமும், 2024இல் மூன்று மாதமும் அதே ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளியுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தேன். பாஸ்போர்ட் காலாவதி, லக்கேஜ் எடை, போன் சார்ஜர் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஏப்ரலில் டிக்கெட் போடுவது

நம் பள்ளிக் காலண்டரை மனதில் வைத்துக்கொண்டு, “கோடை லீவில் போய் வந்துவிடலாம்” என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மூன்று பருவம். ஏப்ரலில் ஒரு விடுமுறை, ஆகஸ்டில் ஒரு விடுமுறை, நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை. நமக்கு லீவு விடும் ஏப்ரலில் அங்கேயும் பள்ளி பூட்டிக் கிடக்கும். இந்த இரண்டு பேரும் ஏப்ரல் முதல் வாரத்துக்குத்தான் டிக்கெட் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த ஆண்டின் பருவத் தேதிகளைப் பள்ளியிடமே கேட்டு வாங்குங்கள்.

ஊசியும் அனுமதியும் கடைசி வாரத்தில்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். தருமபுரியிலிருந்து போய் வர ஒரு முழு நாள் ஆகிவிடும் என்பதால் முன்கூட்டியே போய் வந்துவிடுங்கள். கென்யாவிலிருந்து அந்த மஞ்சள் சான்று இல்லாமல் திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஏரிக்கரை மலேரியா உள்ள இடம். அதற்கான மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டியிருக்கும், டாக்டரைப் பாருங்கள். கொசுவலையை விட்டு ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள்.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி. அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சம்பளம் வாங்காமல் உழைத்தாலும் அது வேலைதான், அதற்குத் தனி அனுமதி வேண்டும். குறுகிய காலத்துக்கு ‘ஸ்பெஷல் பாஸ்’ என்று ஒன்று உண்டு. உங்களை அழைக்கிறவர்கள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள். “அதெல்லாம் தேவையில்லை, டூரிஸ்ட் மாதிரி வந்துடுங்க” என்று சொல்கிற இடைத்தரகரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சாக்பீஸைக் கையில் வாங்கிக்கொள்வது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

2018இல் போய் இறங்கிய இரண்டாம் நாளே தலைமை ஆசிரியர் ஐந்தாம் வகுப்புக் கணக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். நான்தான் கேட்டேன். 2003இல் தொடக்கக் கல்வி இலவசமான பிறகு அங்கே வகுப்புகளில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள், ஆசிரியர் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறவில்லை. நான் போன வகுப்பில் அறுபதுக்கு மேல். பெஞ்சில் நான்கு பேர், ஒரு புத்தகத்துக்கு மூன்று தலை. அப்படிப்பட்ட பள்ளியில் கை ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் எந்தத் தலைமை ஆசிரியரும் விடமாட்டார். அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியரை ஆள் இல்லாத வேறொரு வகுப்புக்கு மாற்றினார். எல்லாருக்கும் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் வாரம் இடமதிப்பு. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 2,50,000.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து, கமா தப்பான இடத்தில் இருக்கிறது என்றாள். அங்கே 250,000 என்றுதான் எழுதுவார்கள், பின்னாலிருந்து மும்மூன்றாக. லட்சம் என்ற சொல்லே அவர்கள் கணக்கில் இல்லை, நூறு ஆயிரம்தான். அந்தக் குழந்தை சொன்ன இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. “எங்கள் நாட்டில் இப்படி எழுதுவோம், இதுவும் சரிதான்” என்று லட்சத்தை உட்கார்ந்து விளக்கினேன். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அறுபது பேரும் அழகாக எழுதிக்கொண்டார்கள். அடுத்து வகுத்தல். நான் படித்த காலத்தில் ஈவை வலது பக்கம் அடைப்புக்குறி போட்டு எழுதுவோம். அவர்கள் மேலே, கட்டத்துக்கு நேர் கட்டமாக எழுதிப் பழகியவர்கள். அதையும் என் வழிக்கு மாற்றினேன். விடை சரியாக வந்தால் போதும் என்று எனக்கு.

பத்து வாரம் முடிந்து பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிளம்பி வந்துவிட்டேன். பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஆகஸ்டில் அந்தக் கணக்கு ஆசிரியரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு விடைத்தாள். ‘மூன்று இலட்சத்து ஆறாயிரம்’ என்று நாம் சொல்லும் எண்ணை எண்ணால் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை 3,06,000 என்று எழுதியிருந்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி. வகுத்தல் கணக்கில் பாதி ஈவு மேலே, பாதி பக்கத்தில். கீழே ஒரு குரல் செய்தி. அவர் திட்டவில்லை. “மிஸ், நீங்கள் போன பிறகு இடமதிப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன், மூன்று வாரம் போதவில்லை” என்றார், அவ்வளவுதான். பத்து வாரம் கண்ணிலேயே பார்க்காத வகுப்பு அது. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அவருக்கும் தெரியாது, தெரிந்துவைத்திருந்த நான் பென்னாகரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த விடைத்தாள் யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புதிதாகப் போகிறவர்கள் இதைச் சொன்னால், “நான் அவங்க முறையிலேயே நடத்துவேன் டீச்சர்” என்கிறார்கள். பிரச்சினை கமாவோடு முடிந்துவிடுவதில்லை. நீங்கள் வகுப்பை எடுத்தால் அந்த ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போகிறார். நீங்கள் மூன்று மாதம், அவர் முப்பது வருடம். தவிர, கென்யாவில் ஆசிரியராகப் பாடம் நடத்த அந்நாட்டு ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு வேண்டும். நம் ஊர் பி.எட். அதற்கு ஈடாகாது. முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து, பாலக்கோட்டில் உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பை மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றால் சம்மதிப்பீர்களா?

2024இல் போனபோது முதல் நாளே சொல்லிவிட்டேன், சாக்பீஸ் என் கைக்கு வராது என்று. நம்மிடம் நோட்ஸ் ஆஃப் லெசன் இருக்கிறதல்லவா, அதுபோல அங்கே பருவம் முழுவதற்கும் ‘ஸ்கீம் ஆஃப் ஒர்க்’ எழுதிவைப்பார்கள். ஆசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் நடத்துவதைப் பார்த்தேன். பிறகு அவர் கைகாட்டிய ஏழு பிள்ளைகளை மட்டும் பத்து மணி டீ இடைவேளைக்குப் பிறகு மாமரத்தடிக்கு அழைத்துப் போவேன். கடையில் வாங்கிவந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எண் அட்டை செய்தோம். ஆயிரத்தைப் பிரிக்கும் கமாவுக்கு ஒரு புளியங்கொட்டை. எங்கே வைப்பது என்று எனக்குச் சந்தேகம் வந்தால் ஏழு பேரும் சேர்ந்து காட்டுவார்கள். மரத்தடியில் என்ன நடந்தது என்று அன்றைக்கன்றே ஆசிரியரிடம் இரண்டு வரி சொல்லிவிடுவேன். நான் கிளம்பிய பிறகும் அந்த அட்டைகள் அவர் அலமாரியில்தான் இருந்தன.

அநாதை இல்லம்

போகாதீர்கள். அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வருகிறவர்கள் கொடுக்கும் பணத்துக்காகவே நடத்தப்படும் இல்லங்களும் உண்டு. 2017இல் கென்ய அரசே புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது.

மணியைத் தப்பாகக் கேட்டுக்கொள்வது

சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணிதான் ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. எட்டு மணி ‘சா ம்பிலி’, இரண்டு மணி. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர், வருடம் முழுக்கப் பொழுது விடிவதும் சாய்வதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் என்பதால் அந்தக் கணக்கு அவர்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஒரு அம்மா என்னை ‘சா ம்பிலி’க்கு வரச் சொன்னார். நான் மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். அவர் காலை எட்டிலிருந்து எனக்காகச் சந்தைக்குப் போகாமல் காத்திருந்தார். யாராவது நேரம் சொன்னால், சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

தனியாகச் சமைத்துக்கொள்வது

பொடி, ஊறுகாய், அரிசி என்று ஒரு மாதத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பொடி எடுத்துப் போங்கள், ஆனால் வேளாவேளைக்கு அறையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு அந்நியமே இல்லை. உகாலி என்பது நம் களிதான், பெரும்பாலும் மக்காச்சோள மாவில். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவது, கையால் உருட்டிக் குழி பண்ணித் தொட்டுக்கொள்வது எல்லாம் அப்படியே. தொட்டுக்கொள்ள சுகுமா விகி என்ற கீரை.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ஒருநாள் காலையில் ஒரு குவளைக் கூழ் கொடுத்தார். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, ராகி. சுவாஹிலியில் விம்பி. ராகியின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிதான், அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் பக்கம் வந்தது. எங்கள் மானாவாரிக் காட்டில் விளைவதும் இதேதான் என்று போனில் கதிர் படத்தைக் காட்டினேன். பாட்டி போனை வாங்கி, கதிரின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மறுநாளிலிருந்து துடுப்பு என் கைக்கு வந்தது. கட்டி தட்டாமல் கிண்டினேனா என்று பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பார்ப்பார், என் மாமியார் மாதிரியே.

அந்த அடுப்படியில்தான் எனக்கு அந்தப் பகுதி மக்கள் பேசும் லுவோ மொழியில் பத்துச் சொல் வந்தது. ‘எரோகமானோ’ என்றால் நன்றி. ஏரியில் பிடித்து வெயிலில் காயவைக்கும் ஒமேனா என்ற பொடி மீனைத் தக்காளி போட்டுக் குழம்பு வைப்பார்கள். ஒகேனக்கல் மீனுக்குப் பழகிய நாக்குக்கு இரண்டு நாளில் பிடித்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை கிசுமுவில் கிபுயே சந்தைக்குப் பாட்டியோடு போங்கள். தனியாகப் போனால் விலை வேறு, அவரோடு போனால் விலை வேறு.

நம்மை யாராகப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது

வெள்ளைக்காரர்களை ‘ம்சுங்கு’ என்பார்கள். நீங்கள் ‘முஹிந்தி’, அதாவது இந்தியர். 1901இல் கிசுமுவுக்கு வந்துசேர்ந்த ரயில் பாதையை அமைக்க இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்திலிருந்தே இந்தியர்கள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், ஆலை நடத்துகிறார்கள். 2017இல் கென்ய அரசு ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44ஆவது இனக்குழுவாக அறிவித்தது. கிராமத்தில் பலருக்கு நம் முகம் என்றாலே முதலாளி முகம். இந்தியக் கடையில் சம்பளம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு தகப்பன் என்னிடம் கோபமாகப் பேசினார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். நாங்களும் ஒரு ஏக்கர் மானாவாரிக்காரர்கள்தான் என்பதை நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

பிளாஸ்டிக் பை

2017 ஆகஸ்டிலிருந்து தடை. துணிப்பையில் கட்டுங்கள்.

பிள்ளைகள் போட்டோ

பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். அங்கே 2019இலிருந்து அதற்குச் சட்டமும் இருக்கிறது.

கிளம்பும் தேதியை மறைப்பது

முதல் முறை, பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று கடைசி நாள் வரை சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு பையன் வழக்கம்போல என் அறை வாசலுக்கு வந்து, என் பையைத் தூக்கிக்கொள்ளக் காத்திருந்தானாம். பாட்டி போனில் சொன்னார். இரண்டாம் முறை, மாமரத்தடிக்குப் போன முதல் நாளே ஒரு அட்டையில் மார்ச் மாதத் தேதியை எழுதி மரத்தில் கட்டினேன். ஏழு பேரும் வாரத்துக்கு ஒரு கோடு அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசிக் கோடு அடித்த அன்று யாரும் அழவில்லை, புளியங்கொட்டை டப்பாவை ஆளுக்கு ஒரு நாள் யார் பார்த்துக்கொள்வது என்று முறை போட்டுக்கொண்டிருந்தார்கள்.