டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள பெரியவருக்கு அன்றாட ஒழுங்கு: எங்கிருந்து தொடங்குவது?

அப்பாவுக்கு டிமென்ஷியா என்று தெரிந்த வாரமே சார்ட் பேப்பர் வாங்கி, காலை 6 முதல் இரவு 9 வரை கட்டம் போட்டு, பெங்களூர் அல்சூர் வீட்டுக் கூடத்தில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அப்பா அதைப் பிய்த்து, நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரிதான். அது நான் போட்ட நாள், அவருடைய நாள் இல்லையே.

1. மூன்று நாள் கவனித்து எழுதுங்கள்

எப்போது எழுகிறார், எப்போது தெளிவாகப் பேசுகிறார், எப்போது எரிந்து விழுகிறார் என்று ஒரு நோட்டில் நேரத்தோடு குறியுங்கள். வேலைக்குப் போன காலத்தில் அவர் பொழுது எப்படிப் போனது என்பதையும் வீட்டில் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் புது ஞாபகம்தான் முதலில் போகும். கை பழகிய வேலை ரொம்ப நாள் நிற்கும். அப்பா காலை ஏழு மணி ஃபேக்டரி பஸ் பிடித்தவர். இன்றும் ஆறரைக்குச் செருப்பைத் தேடுவார்.

2. அந்தப் பழக்கத்தைச் சுற்றி அவருடைய நாளை அமைத்துக்கொள்ளுங்கள்

அதனால் எங்கள் வீட்டில் நடை ஆறரைக்குத்தான். காபி, நடை, குளியல், டிபன். மணி முன்னே பின்னே ஆகலாம், வரிசை மாறக் கூடாது.

ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலை வரை போய் வருவோம். 1991-இல் நிறுவி, 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்த சிலை. மூடிக் கிடந்ததுதான் அப்பா நினைவில் இருக்கிறது. "அட, எப்பம்மா திறந்தாங்க?" என்பார், தினமும். "நேத்துதானே சொன்னேன்" என்று ஆரம்பத்தில் சொல்லி, அவர் முகம் சுண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இப்போது "2009-லப்பா" என்பதோடு சரி. "நல்லது" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

3. குளியலுக்கு அவசரம் வேண்டாம்

சண்டை வருவது இங்கேதான். நோட்டைப் பார்த்து, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். வெந்நீர், துண்டு, போடும் வரிசையில் துணி எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். "குளிச்சுட்டு வாங்க" என்பது அவருக்குப் பத்து வேலை. "சட்டையைக் கழட்டுங்கப்பா" என்று ஒன்று சொல்லி, முடிந்த பிறகு அடுத்தது. முரண்டு பிடித்தால் விடுங்கள், அரை மணி கழித்துக் கேட்கலாம். ஒரு நாள் குளிக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

4. சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம்

வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி சிலருக்குப் பிரிந்து தெரியாது. வாழையிலைத் துண்டு போட்டதும் அப்பா மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாத்ரூமுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

5. கைக்கு ஒரு வேலை

கறிவேப்பிலை உருவுவது, துண்டு மடிப்பது. கோணலாக மடித்தாலும் அவர் கண் எதிரே பிரித்து மடிக்காதீர்கள்.

பெங்களூருக்கென்று ஒன்று: பின்னால் கற்ற மொழி பலருக்கு முன்னால் நழுவும். சரளமாகக் கன்னடம் பேசிய அப்பா இப்போது தமிழ் மட்டும்தான். உதவிக்கு வரும் கன்னட அக்காவுக்கு 'வாங்க', 'உக்காருங்க', 'வலிக்குதா' என்று ஆறேழு சொல் எழுதிக் கொடுத்தேன். அவர் மேல் அப்பாவுக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது.

6. சாயங்காலம்

பொழுது சாய்ந்தால் பலருக்குப் பதற்றம் கூடும். ஐந்தரைக்கே விளக்குப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். "வீட்டுக்குப் போகணும்" என்றால் "இதுதான் வீடு" என்று வாதாடாதீர்கள். "போலாம்ப்பா, வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள், பேச்சு எங்கோ போய்விடும்.

7. ராத்திரி

பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு, சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டை.

இத்தனையும் ஒரே வாரத்தில் படியாது. ஆனால் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புது மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள். "எப்பலேர்ந்து இப்படி?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.