ஜப்பான் காருக்குச் செட் மாற்றுகிறீர்களா? முதலில் கட்டரைக் கீழே வையுங்கள்

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் இலங்கையில் மீண்டும் தொடங்கியது. அதன்பிறகு ஜப்பான் கார்களுக்குச் செட் (வானொலி, பாட்டு, படம் தரும் கருவி) பூட்டும் வேலையில் இறங்கும் இளம் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாக இதே வேலையைச் செய்யும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால், நான் செய்து அழிந்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேனலைக் கீறுவது, திருகாணியைத் தொலைப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பனிப் பிளக்கை வெட்டுவது

சென்ற மாதம் ஒரு டொயோட்டா அக்வா கார் வந்தது. புதுச் செட், பூட்டி நான்கு நாள்கூட ஆகவில்லை. பூட்டிய தம்பியே கூட வந்திருந்தான். “பகல் முழுக்க நன்றாகப் பாடியது அண்ணா, இரவு லைட்டைப் போட்டதும் கருகிய மணம் வந்து நின்றுவிட்டது” என்றான். பேனலைக் கழற்றாமலே எனக்கு விளங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் அதேதான். காரோடு வந்த இரண்டு கம்பனிப் பிளக்குகளையும் வெட்டி எறிந்துவிட்டு, பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை என்று முறுக்கி டேப் சுற்றியிருந்தான்.

கடையில் வாங்கும் செட்டின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் வரும். மஞ்சள், பேட்டரியிலிருந்து வரும் நேரடி மின்சாரம். சிவப்பு, சாவி திருப்பினால் வரும் மின்சாரம். கறுப்பு எர்த், அதாவது காரின் உடம்போடு சேரும் வயர். பச்சை பின் இடது ஸ்பீக்கர். டொயோட்டாவின் கணக்கு வேறு. பல டொயோட்டா வாகனங்களில் நேரடி மின்சாரம் நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட வயரில் வரும். சாவி மின்சாரம் சாம்பல் நிறம், எர்த் மண்ணிறம். அங்கே சிவப்பும் வெள்ளையும் பின் வலது ஸ்பீக்கருக்கு, கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கருக்கு. பச்சையோ டாஷ்போர்டு விளக்குக்கான வயர். ஹெட்லைட்டைப் போட்டால் அதில் 12 வோல்ட் ஏறும். சோதனை விளக்கை வைத்து மின்சார வயர்களைத் தேடிப் பிடித்த அந்தத் தம்பி, மிச்சத்தை நிறம் பார்த்தே இணைத்துவிட்டான். லைட் போட்ட நொடியில் 12 வோல்ட் செட்டின் ஸ்பீக்கர் வயர் வழியாக உள்ளே போய் ஆம்பிளிஃபயர் சிப்பைக் கருக்கிவிட்டது.

வெட்டாமல் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. டொயோட்டாவில் 10 பின், 6 பின் என்று இரண்டு பிளக்குகள் பொதுவாக இருக்கும். பெரியதில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், சிறியதில் பின் ஸ்பீக்கர்கள். இவற்றுக்குப் பொருந்தும் அடாப்டர் வயர் கடைகளில் கிடைக்கிறது. செட்டின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசே இல்லை. நிசானுக்குப் பெரும்பாலும் 20 பின், ஹோண்டாவுக்கு 24 பின் என்று தனித்தனியாக வரும். அடாப்டரின் வயரையும் செட்டின் வயரையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் எதற்குரியது என்று பார்த்து, ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். காரின் வயரில் கைவைக்கவே வேண்டியதில்லை.

இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விட்ஸ் காரில் இதையே நானும் செய்தேன். எட்டு மாதம் கழித்து, காரை விற்பதற்காகப் பழைய செட்டைத் திரும்பப் பூட்டித் தரும்படி உரிமையாளர் வந்தார். செட் அவரிடம் பத்திரமாக இருந்தது. பிளக் என்னிடம் இல்லை. வெட்டிய இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த வயர் அரை அங்குலம். கோடை வெப்பத்தில் டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்ட விரலெல்லாம் கறுப்பாக ஒட்டியது. உடைத்து விற்கும் இடமொன்றில் பிளக் தேடிப்பிடித்து, டாஷ்போர்டுக்குள் தலையை நுழைத்து ஒவ்வொரு வயராக நீட்டி ஒட்டி முடிக்க இரண்டு நாள் போனது. அதற்கு அவரிடம் ஒரு சதம்கூட வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் கூடாது.

ஸ்பீக்கர் வயர்களைப் பற்றி இன்னொன்று. எந்த ஸ்பீக்கரின் மைனஸையும் காரின் உடம்போடு எர்த் செய்யாதீர்கள். இக்காலச் செட்டுகளில் அந்த மைனஸ் வயரிலும் மின்னழுத்தம் இருக்கிறது. அதை எர்த் செய்தாலும் சிப் போய்விடும்.

இன்னொரு ஜப்பான் செட்டையே வாங்குவது

ஜப்பானில் பண்பலை வானொலி பல காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலிருந்த இடம் பழைய தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொலைக்காட்சி முறை முடிவுக்கு வந்தபின் 95 வரை நீட்டினார்கள். இலங்கையில் 87.5 முதல் 108 வரை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜப்பானில் பாவித்த செட்டை வாங்கினால் நம் வானொலிகளில் பெரும்பாலானவை கிடைக்காது, மெனுவும் ஜப்பான் மொழியிலேயே நிற்கும். அலைவரிசையைக் கீழிறக்கும் சிறு பெட்டி விற்கிறார்கள். அது ஒரு துண்டைத்தான் இறக்கும். சில வானொலிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இரைச்சலாகும். வேறு வழியில்லாதவருக்கு மட்டும் அதைப் பூட்டுவேன்.

எஸ்டி கார்டைக் கவனிக்காமல் பேட்டரியைக் கழற்றுவது

டொயோட்டாவின் சில நேவிகேஷன் செட்டுகள் மின்சாரம் போய் வந்ததும் வரைபட எஸ்டி கார்டைக் கேட்கும், அல்லது திறக்கும் எண்ணைக் கேட்கும். அதுவரை பாட்டும் இல்லை, படமும் இல்லை. அந்தக் கார்டை எடுத்து போனுக்குள் போட்டுவிட்ட உரிமையாளர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இடைவெளியை ஸ்பொஞ்சால் அடைப்பது

பல டொயோட்டா கார்களில் செட் வாயின் அகலம் 200 மில்லிமீட்டர். பொதுச் செட் 180. இருபக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் பட்டி விற்கிறார்கள். வாங்குங்கள்.

ரிவர்ஸ் கமெராவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 12 வோல்ட் கொடுப்பது

பல டொயோட்டாக் கமெராக்களுக்கு 6 வோல்ட் போதும். மீட்டரை வைத்துப் பாருங்கள்.

கைபிரேக் வயரை நேரே எர்த் செய்வது

கைபிரேக் போட்டிருந்தால்தான் படம் காட்டும்படி செட்டில் ஒரு வயர் இருக்கும். ஓடும்போது படம் பார்க்கத்தான் அதை நேரே எர்த் செய்யக் கேட்பார்கள். நான் செய்து கொடுப்பதில்லை.

சோதிக்காமல் பேனலை மூடுவது

பேனலை அழுத்துமுன் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகப் பாடவிடுங்கள். ரிவர்ஸ் கியர் போடுங்கள், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களை அழுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு மீண்டும் போட்டு, செட்டுக்கு நேரம் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய செட்டை அதன் பிராக்கெட், திருகாணிகள், எஸ்டி கார்டு எல்லாவற்றோடும் ஒரு பெட்டியில் போட்டு, கார் இலக்கத்தை மேலே எழுதி உரிமையாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.