ஊர் சனசமூக நிலையத்தில பொது வைஃபை போடுறது எப்பிடி (திருகோணமலைப் பக்கத்து ஆக்களுக்கு)

வீட்டுக்கு வீடு ஆளாளுக்கு டேட்டா போட்டு, மாசம் முடிய முதலே அது தீர்ந்து, பிள்ளையள் ஓ.எல் பாஸ்ட் பேப்பர் இறக்க ஏலாம நிக்கிறதுக்கு, எல்லாரும் சேர்ந்து ஒரு லைன் எடுத்து சனசமூக நிலையத்தில வைக்கலாம். மூதூர், குச்சவெளி, சம்பூர் எண்டு எந்தப் பக்கமா இருந்தாலும் முறை ஒண்டுதான்.

ரவுட்டர் வாங்க ஓடாதீங்க. முதல்ல சங்கக் கூட்டத்தைக் கூட்டுங்க. மாசக் காசு ஆர் சேக்கிறது, இரவு எத்தினை மணிக்குப் பூட்டுறது, பழுதானா ஆர் பாக்கிறது, இதெல்லாம் கூட்டக் குறிப்பில ஏறணும். தென்னாபிரிக்காவில மன்கோசி எண்ட இடத்து ஆக்கள் ஸென்ஸெலெனி எண்டு தங்கட நெட்வேர்க்கையே கூட்டுறவுச் சங்கமா நடத்துறாங்க, தொடக்கத்தில சோலார்ல போன் சார்ஜ் போட்டுக் குடுத்தே காசு சேத்தாங்க. நேபாளத்தில மகாபீர் புன் மலைக் கிராமங்களுக்கு வைஃபை கொண்டுபோனப்போ மரத்திலயும் அன்டெனா கட்டினவங்க, அந்த வேலைக்கு 2007ல மக்சேசே விருதும் கிடைச்சது. சாமான் குறைவெண்டு ஒண்டும் நிக்கேல்ல, ஆக்கள் ஒண்டா நிண்டதுதான் விசயம்.

பிறகு லைன். ஃபைபர் வந்த இடமெண்டா அதை எடுங்க, இல்லாட்டி ஒவ்வொரு கம்பனி சிம்மையும் போட்டு பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு ஸ்பீட் பாருங்க, பகல்ல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பக்கேஜ் எடுக்க முதல், இதைப் பொது இடத்தில பகிரலாமா எண்டு கம்பனியிட்டக் கேட்டு வைங்க. லைசன்ஸ் இல்லாம ஊருக்கு நெட் வித்துக் காசு பாக்க வெளிக்கிடாதீங்க, அது சட்டப் பிரச்சினை.

ரவுட்டர் வாங்கேக்க ஓப்பன்டபிள்யுஆர்டி (ரவுட்டருக்குள்ள இருக்கிற மென்பொருளுக்குப் பதிலா ஏத்துற இலவச மென்பொருள்) போடக்கூடிய மொடலாப் பாருங்க. அடியில ஒட்டியிருக்கிற லேபிள்ல மொடலோட வி1, வி2 எண்டு வேர்ஷனும் இருக்கும், அதையும் சேத்துப் பாத்துத்தான் ஏத்தணும், மாறிப்போனா ரவுட்டர் செத்திரும். இதில எஸ்கியூஎம் எண்டு லைனை எல்லாருக்கும் பங்கிட்டுக் குடுக்கிற செட்டிங் ஒண்டு இருக்கு, உங்கட லைன் ஸ்பீட்ல ஒரு 85 வீதத்தைக் குடுத்து விட்டா ஒரு ஆள் யூடியூப் பாக்கிறதால மத்தவங்க வாட்சப் கோல் அறுபடாது. இலவசச் சாமான் தரமா இருக்குமா எண்டு கேக்கிறவங்களுக்கு: 2004 சுனாமிக்குப் பிறகு காணாமப்போன ஆக்களையும் முகாம்களையும் பதிய எங்கட நாட்டிலயே எழுதின சஹானாவும் திறந்த மென்பொருள்தான், அது 2010ல ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் போய் உதவினது. விலை வச்சிருந்தா போயிருக்குமோ?

இனி சொல்லப் போறதை விட்டிராதீங்க, என்னைக் கேட்டா நெட் லைனை விட இதுதான் பெறுமதி. ஒரு ராஸ்பெரி பையோ (கையடக்கமான சின்னக் கம்ப்யூட்டர்), மூலையில கிடக்கிற பழைய லப்டொப்போ எடுத்து அதில கிவிக்ஸ் எண்ட, நெட் இல்லாமலே விக்கிப்பீடியா வாசிக்கிற இலவச மென்பொருளைப் போடுங்க, தமிழ் விக்கிப்பீடியாவை ஒருக்கா முழுசா இறக்கி வச்சா பிறகு டேட்டாவே தேவையில்ல. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட பாடப்புத்தக பிடிஎஃப், இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில சேத்து வைக்கிற நூலகம் தளத்தில இருந்து உங்கட ஊர்ப் பழைய மலர்கள், இதுகளையும் பக்கத்தில ஒரு ஃபோல்டர்ல போட்டு ரவுட்டரோட இணைச்சு, 192.168.1.10 மாதிரி மாறாத முகவரி ஒண்டு குடுத்து, அதை மார்க்கர்ல பெரிசா எழுதி சுவர்ல ஒட்டுங்க. காசு கட்டாம லைன் வெட்டுப்பட்ட மாசமும் இது வேலை செய்யும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போன்ல அந்த நம்பரை அடிச்சு விஞ்ஞானப் புத்தகம் திறக்கலாம், ரீலோட் வேண்டாம்.

வெளியில அன்டெனா வைக்கிறதெண்டா கடக்கரை ஊர்ல உப்புக்காத்துதான் எதிரி. கனெக்டர் எல்லாத்துக்கும் தண்ணி போகாத ரேப் சுத்துங்க, கேபிளைச் சுவருக்குள்ள விட முதல் கீழ ஒருக்கா வளைச்சு விடுங்க, மழைத்தண்ணி அந்த வளைவிலயே சொட்டி விழுந்திரும், உள்ள வராது. ரவுட்டருக்கும் வெளியில வைக்கிற அன்டெனாப் பெட்டிக்கும் இடையில ஓடுற நெட்வேர்க் (ஈதர்நெட்) கேபிள் 100 மீற்றருக்கு மேல போகப்படாது. நடுவில தென்னை நிண்டா 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை சரிவராது, மாரியில ஓலை நனைஞ்சா இன்னும் மோசம். எர்த் அடிக்காம கூரையில கம்பம் நட்டிராதீங்க, ஐப்பசி இடிக்கு அடாப்டரையும் கழட்டி வைங்க. கரண்ட் கட்டுக்கு கம்ப்யூட்டருக்கு வைக்கிற மாதிரிப் பெரிய யூபிஎஸ் தேவையில்ல, அடாப்டர்ல 12 வோல்ட் எண்டு இருந்தா பற்றரியில நேரா ஓட்டுற சின்ன டிசி யூபிஎஸ் காணும்.

பழக்கிறது ரெண்டு பேரையாவது பழக்குங்க, அதில ஒரு ஆள் ஊரை விட்டுப் போகாத ஆளா இருக்கட்டும். தெரிஞ்ச ஒரே பெடியன் கட்டாருக்குப் போனா நெட்டும் அவனோட போயிரும். செட்டிங் பேக்கப்பை பென்ட்ரைவில போட்டு, ரவுட்டர் பாஸ்வேர்டை ஒரு கடுதாசியில எழுதி, ரெண்டையும் சங்கத்து அலுமாரியில பூட்டி வைங்க, திறப்பு செயலாளரிட்ட இருக்கட்டும்.